யானைப் பள்ளத்தின் நான்காவது பக்கம்

ஜூலை பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். இரவு பெய்த மழை நின்றிருந்தது. வெயில் இன்னும் வரவில்லை. காற்று இல்லை. சுங்கை சிப்புட்டைத் தாண்டி, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது எண்ணெய்க்கான செம்பனைக்காடு ஆகிவிட்ட ஓரிடத்தில் காரை நிறுத்தினேன். இறங்குவதற்கு முன்பே எனக்கு இரண்டு சந்தேகங்கள் வந்துவிட்டன. பாதையோரப் புல்லை அன்று காலைதான் யாரோ வெட்டியிருந்தார்கள். நம்மைப் பார்க்க வைப்பதற்காகச் சுத்தம் செய்த இடத்தில் பார்க்கக் கூடாதது ஏதாவது இருக்கும். அடுத்தது, ஓய்வு பெற்று வீட்டில் கிடக்கும் என்னை எதற்குக் கூப்பிட்டார்கள்?

நில அளவை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மட்டக்கருவியை எப்படி நிறுத்துவது, கோலை எப்படிப் படிப்பது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் இயந்திரமே செய்துவிடுகிறது. சந்தேகப்படுவதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வருடம் எனக்குச் சோறு போட்டது அதுதான். அதிலேயே நான் சறுக்கினேன்.

என்னைக் கூப்பிட்டது புஷ்பா. அந்தப் பழைய தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் முப்பத்தொரு வீடுகளில் ஒன்று அவளுடையது. தோட்டம் மூடியபோது வீட்டுமனைகளை அவரவர் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பல வருடங்களுக்கு முன் அந்த மனைகளை அளந்தவர்களில் நானும் ஒருவன். முப்பத்தொரு வீட்டையும் ஒரு சிறிய அம்மன் கோயிலையும் சுற்றிச் சதுரமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. யானைப் பள்ளம் என்று அதற்குப் பெயர். யானைகள் காட்டிலிருந்து இறங்கி வந்து ரப்பர் கன்றுகளை மிதிக்காமல் இருக்கத் தோட்டங்களில் இப்படிப் பள்ளம் வெட்டுவது வழக்கம். நானே நாலைந்து தோட்டங்களில் அளந்திருக்கிறேன்.

இப்போது டாக்டர் அழகம்மை என்ற தொல்லியல் ஆய்வாளர் சிறிய குழுவோடு வந்து கோயிலுக்குப் பின்னால் குழி தோண்டிக்கொண்டிருந்தார். இது யானைப் பள்ளம் இல்லை, மிகப் பழைய குடியிருப்பு ஒன்றின் அகழியாக இருக்கலாம் என்பது அவர் எண்ணம். ஆய்வு முடியும்வரை யாரும் பள்ளத்தை மூடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, எல்லோரையும் வந்து பார்க்க அழைத்திருந்தார்.

புஷ்பாவுக்கோ பள்ளத்தை மூடியே ஆக வேண்டும். அவள் கணவன் தனபாலனுக்குப் பக்கவாதம். அந்த வீட்டில் கழிவறை தனியாக, முற்றம் தாண்டி இருக்கிறது. லாரி ஓட்டிய கனத்த உடம்பை அவள் ஒருத்தியே ஒரு நாளைக்கு எத்தனை தடவை தாங்கிக்கொண்டு போவாள்? வீட்டோடு சேர்த்து ஒரு கழிவறை கட்ட வேண்டும். பின்பக்கம்தான் இடம். பின்பக்கம் பள்ளம்.

"அண்ணே, நீங்க பாத்து ஒரு வார்த்தை சொன்னா போதும்லா. எங்க தாத்தா வெட்டுன யானைப் பள்ளத்தைப் போயி ராஜா காலத்துதுங்கிறாங்க" என்றாள்.

"உங்க தாத்தா வெட்டுனதை நீ பாத்தியா?"

"நான் எப்படி அண்ணே பாப்பேன்? அவரு கல்யாணத்தையும்தான் நான் பாக்கல. அதுக்காக நடக்கலேன்னு ஆயிடுமா?"

அங்கேயே எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வைப்பவர்கள் மீதும் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

தரையின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் என் பழைய மட்டக்கருவியைக் காரிலிருந்து எடுத்தேன். அதில்லாமல் நான் எங்கும் போவதில்லை. என் எண்ணம் எளிமையானது. யானைப் பள்ளம் வெட்டும் கூலிகளுக்கு ஒரு கம்பு கொடுத்துவிடுவார்கள். தரையிலிருந்து கம்பளவு ஆழம் வெட்டினால் அன்றைய வேலை முடிந்தது. அதனால் தரை ஏறினால் பள்ளத்தின் அடியும் ஏறும், தரை இறங்கினால் அடியும் இறங்கும். அகழி அப்படி இல்லை. அதில் தண்ணீர் நிற்க வேண்டும். தரை எப்படிக் கிடந்தாலும் அடி சுற்றிலும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். அடி ஏறி இறங்குவதைக் காட்டினால் டாக்டரின் கதை முடிந்தது.

கோயில் படிக்கல்லில் தொடங்கினேன். புஷ்பா கைலியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, எண் குறித்த கோலைப் பிடித்தாள். ஒவ்வோர் இடத்திலும் இரும்புக் கம்பியைச் சேற்றில் குத்தி, கெட்டி மண் தட்டிய பிறகு அந்த மட்டத்தைப் படித்தேன். கிழக்குப் பக்கம், வடக்குப் பக்கம், மேற்குப் பக்கம். இருபத்திரண்டு புள்ளிகள். எண்களைக் குறித்தேனே தவிர அங்கே கணக்குப் போடவில்லை. தெற்குப் பக்கம், அதாவது சரிவின் அடிவாரப் பக்கம், பாக்கி. அதையும் படித்துவிட்டு மறுபடி படிக்கல்லுக்கே வந்து முடிக்க வேண்டும். தொடங்கிய இடத்தின் எண்ணும் திரும்பி வந்த இடத்தின் எண்ணும் ஒத்துப்போனால்தான் நடுவில் படித்ததெல்லாம் செல்லும். எனக்கு முதல் அதிகாரியாக இருந்த மலாய்க்காரர் தினமும் மாலையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "சுடா துத்துப்?" மூடியாச்சா என்று அர்த்தம். இல்லை என்று சொன்னால் நோட்டை வாங்கிக்கூடப் பார்க்க மாட்டார். டார்ச் லைட்டை எடுத்துக் கையில் கொடுப்பார்.

அப்போது மணி பதினொன்றரை. டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டார். ஒரு கூடாரத்துக்குள் மேசைகள் போட்டு, தட்டுகளில் மண்பாண்டத் துண்டுகளை அடுக்கியிருந்தார்கள். முதல் தட்டில் நாற்பத்தாறு துண்டுகள். எண்ணிவிட்டு ஒன்றைக் கையில் எடுக்கலாமா என்று கேட்டேன்.

"எடுங்க ஐயா. ஓரத்தை மட்டும் பார்த்துப் பிடிங்க" என்றார் டாக்டர். அவர் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

துண்டின் வெளிப்புறம் செம்மண் நிறம். உட்புறம் கன்னங்கரேல். இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே. பன்னிரண்டு துண்டுகளைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாமே உள்ளேதான் கருகியிருந்தன. சமைத்த சட்டிக்கு வெளியே கரி பிடிக்கும். உள்ளே கரி பிடிக்கிற சட்டி ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

"புஷ்பா, திருவிழால தீச்சட்டி எடுத்தப்புறம் அந்தச் சட்டியை என்ன செய்வீங்க?"

"வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதுண்ணே. பள்ளத்துலதான் போடுவோம். எங்கம்மா காலத்துலேருந்து அப்படித்தான்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. கூடாரம் முழுக்கச் சிரிப்பு. "டாக்டரம்மா, நம்ம நேத்திக்கடனைப் போயிக் கழுவி வச்சிருக்கீங்களே!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "அதுல ஒண்ணு என்னுது. அடையாளம் சொன்னா திருப்பித் தருவீங்களா?" என்றார் இன்னொருவர்.

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது தீச்சட்டி. அது யானைப் பள்ளம். கட்டுறவங்க கட்டுங்க" என்றேன். கை தட்டினார்கள். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு யாரும் கை தட்டியதில்லை. அதற்கு முன்பும் தட்டியதில்லை.

புஷ்பா வீட்டில் சாப்பாடு. நண்டுக் குழம்பு. தனபாலன் சக்கர நாற்காலியில் வாசலோரம் உட்கார்ந்து, சரியாக இருந்த ஒரு கையால் எனக்குச் சலாம் வைத்தான். சாப்பிட்டு முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கருவியைக் காருக்குள் வைத்துப் புந்தோங்கில் உள்ள என் வீட்டுக்குத் திரும்பினேன். தெற்குப் பக்கத்தைப் படிக்கவில்லை.

கவனித்தீர்களா? அன்று காலையிலிருந்து புல்லைச் சந்தேகப்பட்டேன், புஷ்பாவைச் சந்தேகப்பட்டேன், டாக்டரின் மரியாதையைச் சந்தேகப்பட்டேன். ஒரு சந்தேகம் பலித்தது. அந்த நிமிடமே சந்தேகப்படுவதை நிறுத்திவிட்டேன். வேலையில் ஆபத்தான நேரம் அதுதான். தவறு செய்கிறோமோ என்று பயப்படுகிற வரைக்கும் கண் திறந்திருக்கும். சரியாகச் சொல்லிவிட்டோம் என்று நாலு பேர் கை தட்டியதும் மூடிக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை காலை, வேறு வேலை இல்லாததால், இருபத்திரண்டு எண்களுக்கும் கணக்குப் போட்டேன். தரை வடக்கிலிருந்து தெற்காக ஐந்தடிக்கு மேல் இறங்குகிறது. அடியும் அதே ஐந்தடி இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. மூன்று பக்கமும் அடி ஒரே மட்டம். ஒரு சாண் வித்தியாசம்கூட இல்லை.

மறுபடி போட்டேன். மூன்றாம் தடவையும் போட்டேன். கருவியைச் சந்தேகப்பட்டு, வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் நிறுத்தி, இரண்டு முனையிலிருந்தும் படித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சாக்கடை போடப் போகிறார்களா என்று கேட்டார். கருவி சரியாக இருந்தது. இனிச் சந்தேகப்படுவதற்கு என்னைத் தவிர வேறு ஆளில்லை.

ஆனாலும் மூன்று பக்கத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. தெற்கே அடி சரிந்து வெளியே போனால் அது வெறும் வடிகால். தெற்கும் மட்டமாக இருந்தால், சரிவில் தண்ணீரைத் தேக்கி நிறுத்த யாரோ முயன்றிருக்கிறார்கள். புஷ்பாவின் வீடு தெற்கு வரிசையில்தான் இருக்கிறது.

போன் செய்தேன். "கட்டட வேலையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா?"

"அய்யோ, நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு மெஷின் வாரான் அண்ணே. சேகர்னு ஒருத்தன், பக்கத்துத் தோட்டத்துல வேலை முடிச்சிட்டு வாரான். இவனை விட்டா அடுத்த மாசந்தான். ஏண்ணே, என்ன சுசா?"

என்ன சிக்கல் என்று சொல்ல என்னிடம் முடிந்த கணக்கு இல்லை. முடியாத கணக்கை வைத்துக்கொண்டு ஒரு வீட்டு வேலையை எப்படி நிறுத்தச் சொல்வது? ஆனால் அதே முடியாத கணக்கை வைத்துக்கொண்டுதான் வியாழக்கிழமை அதைத் தொடங்கச் சொல்லியிருந்தேன். "ஒண்ணுமில்ல, நான் வாரேன்" என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை எட்டு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன். மண் வெட்டும் இயந்திரம் வீட்டின் பக்கவாட்டில் உறுமிக்கொண்டு நின்றது. பள்ளத்தை மூடுவதற்கு ஒரு லாரி செம்மண் கொட்டியிருந்தது. டாக்டர் அழகம்மை பள்ளத்தின் கரையில் தனியாக நின்றுகொண்டிருந்தார். இவர் எப்படி எனக்கு முன்னால் வந்தார்?

"புஷ்பாக்காதான் சொன்னாங்க. மறைச்சு ஒண்ணும் செய்யல" என்றார் டாக்டர், நான் கேட்காமலேயே.

"நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே?"

"எனக்கு அதிகாரம் இல்லை ஐயா. அவங்க மனை. நான் கேட்கத்தான் முடியும். கேட்டுட்டேன். நீங்க சொல்லிட்டீங்கன்னு சொன்னாங்க."

பிறகு அவரே, "வியாழக்கிழமை நீங்க பார்த்தது மேல்மண்ணுல கிடைச்ச தட்டு. அது பழசுன்னு நான் சொல்லவே இல்லையே. கீழ்மண்ணுத் தட்டு அடுத்த மேசையில இருந்துச்சு. நீங்க சாப்பிடப் போயிட்டீங்க" என்றார்.

காரிலிருந்து கருவியை இறக்கினேன்.

சேகர் இயந்திரத்தின் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தான். "அங்கிள், என்ன சினிமா ஷூட்டிங்கா? ஏறி உக்காந்தா மீட்டர் ஓடும்லா. அரை நாள் காசு கண்டிப்பா வாங்கிடுவேன்."

"ஒரு மணி நேரம் கொடு."

"என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? காசு குடுக்குற அக்காவைக் கேளுங்க."

புஷ்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். என் முகத்திலேயே பாதியைப் படித்திருப்பாள். "ஒரு மணி நேரந்தான் அண்ணே" என்றாள். இந்தத் தடவை கோலைப் பிடிக்க அவள் வரவில்லை. டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார். அவர் கோலை நேராகப் பிடிக்கிறாரா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். எண் அவருக்குச் சாதகமாக வர வேண்டிய ஆளாயிற்றே. நேராகத்தான் பிடித்தார். கம்பியை மட்டும் நானே இறங்கிக் குத்தினேன். இரண்டாவது இடத்திலேயே என் வலது கால் செருப்பைச் சேறு விழுங்கிவிட்டது.

ஏழு புள்ளிகள். வியாழக்கிழமை நிறுத்திய இடத்தில் தொடங்கி, கோயில் படிக்கல்லில் மூடினேன். மூன்று மில்லிமீட்டர் பிசகு. வியாழக்கிழமை வேலையும் அன்றைய வேலையும் ஒன்றையொன்று ஒப்புக்கொண்டன. தெற்குப் பக்கத்தின் அடியும் அதே மட்டம். அங்கே தரை தாழ்ந்திருந்ததால், தண்ணீர் வழிந்து ஓடாமலிருக்க வெளிக்கரையை மண் போட்டு உயர்த்தியிருந்தார்கள். அந்த மேட்டை நான் வியாழக்கிழமையே பார்த்தேன். அதற்கு எதிரே நின்றுதான் கை கழுவினேன்.

எந்தக் காலத்தது என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்வது என் வேலையும் இல்லை. புஷ்பாவின் தாத்தா அதில் மண்வெட்டியே வைக்கவில்லை என்றும் நான் சொல்லவில்லை; ஏற்கெனவே கிடந்த பள்ளத்தைத் தூர்வாரி யானைக்குப் போதுமானதாக்கியிருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: முதலில் வெட்டியவர்கள் யானையை நினைத்து வெட்டவில்லை. தண்ணீரை நினைத்து வெட்டினார்கள்.

இதை நான் புஷ்பாவிடம் சொல்ல வேண்டும். சொல்லாமலும் இருக்கலாம். டாக்டருக்கு என் நோட்டைப் படிக்கத் தெரியாது. பள்ளத்தை மூட இயந்திரத்துக்கு அரை மணி நேரம் போதும். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு அரை மணி நேரம் வரும். அப்போது எந்தப் பக்கம் நியாயம் என்று யோசிக்காதீர்கள்; இரண்டு பக்கமும் இருக்கும். உங்கள் வார்த்தையை நம்பி யார் என்ன செய்யப் போகிறார் என்று மட்டும் பாருங்கள்.

"புஷ்பா, நான் சொன்னது தப்பு. இது யானைப் பள்ளம் இல்லை."

இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னேன். கேட்டிருந்தது.

"வியாழக்கிழமை யானைன்னீங்க. சனிக்கிழமை ராஜாங்கிறீங்க. எங்க வீட்டுக்காரரு கக்கூஸுக்குப் போறதுக்கு எனக்கு யானையும் வேணாம் ராஜாவும் வேணாம் அண்ணே!"

"மூடாதேன்னு உத்தரவு போட யாராலும் முடியாது. நீ மூடலாம். ஆனா என் பேரைச் சொல்லி மூடாதே."

"இது நல்லா இருக்கே. நண்டுக் குழம்பு சாப்பிட்டப்போ உங்க பேரு இருந்துச்சு. இப்போ இல்லையா?"

சேகர் இயந்திரத்தை அணைத்துவிட்டான். காசு கொடுக்காமல் கிடைத்த வேடிக்கையை அவனும் ரசிக்க ஆரம்பித்துவிட்டான் என்று தோன்றியது.

"முன்பக்கம் கட்டலாமே" என்றார் டாக்டர் மெதுவாக.

"முன்பக்கமா? வாசல்லயா? சாமி மாடத்துக்கு நேரே கக்கூஸ் வச்சா ஊரு சிரிக்காது? டாக்டரம்மா, உங்க வீட்டு வாசல்ல வைப்பீங்களா?"

டாக்டர் தலை குனிந்துகொண்டார்.

அப்போதுதான் தனபாலன் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினான். அவன் பேச்சு குழறும். ஒரு வார்த்தைக்கும் அடுத்ததுக்கும் நடுவில் எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

"முன்னாலயே... கட்டு. மாடத்தை... அந்தப் பக்கம் மாத்து." மூச்சு வாங்கினான். "பின்னால... எவனோ கட்டுன வேலை. நான் போயி... அது மேல இருக்கணுமா?"

அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

"முன்னால இருந்தா... ரோட்டைப் பாக்கலாம். லாரி போகும்லா."

புஷ்பா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று நான் கேட்கவில்லை. "இந்த ஆளுக்குக் கக்கூஸ்லயும் லாரி வேணுமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று எனக்குத் தேநீர்கூட வரவில்லை.

முன்பக்கம் கட்டுவது பேச்சுக்குத்தான் எளிது. கழிவுத் தொட்டி பின்னால் இருந்தது. முன்னால் புதிதாக ஒன்று வைக்க வேண்டும், குழாயைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும், சாமி மாடத்தை நகர்த்த வேண்டும். அவள் சேர்த்து வைத்தது பின்பக்கத்துக்குத்தான் போதும். கூடுதல் செலவை யார் தருவது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. டாக்டரும் கேட்கவில்லை, புஷ்பாவும் கேட்கவில்லை. இருவரும் பேசி வைத்துக்கொண்டு கேட்காமல் இருக்கிறார்களோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு.

கழிவறை செப்டம்பரில் முடிந்தது. பார்க்கப் போனேன். தனபாலன் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, போகிற லாரியின் ஓட்டுநரைப் பார்த்துக் கையை ஆட்டினான். லாரி ஹாரன் அடித்துவிட்டுப் போனது. புஷ்பா நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடுவதற்கு முன் தெற்குப் பக்கம் போய்ப் பள்ளத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். மூடாமல்தான் இருந்தது. மழைத் தண்ணீர் கிழக்கு மூலையிலிருந்து மேற்கு மூலை வரை ஒரே மட்டமாக நின்றது.

சேகருக்கு அரை நாள் கூலி 480 ரிங்கிட். தொட்டி, குழாய், மாடம் நகர்த்திய கூலி 6,150. மூன்று தடவை போய் வந்த பெட்ரோல் 86 ரிங்கிட் 40 காசு. சேற்றில் போன செருப்புக்குப் பதில் புதுச் செருப்பு 59 ரிங்கிட் 90 காசு. வியாழக்கிழமை மதியம் நான் படிக்காமல் விட்ட ஏழு புள்ளிகளுக்கு எனக்கு ஆன மொத்தச் செலவு: 6,776 ரிங்கிட் 30 காசு.